இளைத்த முகம்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்கு உடம்பு பெருத்து, நாளாக ஆக ஸ்டியரிங் வயிற்றை இடித்தது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. சர்க்கரை வேறு, படுத்தால் நெஞ்சு எரிந்தது. பிள்ளைகள் ஏறும் வண்டியில் விளையாட முடியாது என்று எடை குறைக்கும் ஆபரேஷனுக்குத் துணிந்தாள்.

அது லேசான துணிச்சல் அல்ல. அவளுடைய அக்கா அந்தக் காலத்தில் இரைப்பையைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டவள். ஊரே வியக்க இளைத்தாள். பட்டை நழுவியபோது வலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தாள். அப்படித்தான் தங்கை நம்பியிருந்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஒருத்திய கொடுத்தது போதும்டி சின்னவளே, குண்டாவே இருந்துட்டுப் போ," என்றாள் அம்மா.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "பட்டைய இப்ப அதிகம் யாரும் வைக்கிறதில்ல. நழுவும், திரும்ப எடுக்க வேண்டிவரும். ஸ்லீவ்ங்கிற முறையில இரைப்பையோட பெரும்பகுதிய வெட்டி எடுத்துடுவோம். அது கொஞ்சம் சுலபம், ஆனா உங்க நெஞ்செரிச்சல் கூடலாம். பைபாஸ்ல இரைப்பைய சின்னப் பையாப் பிரிச்சு குடலோட சேர்ப்போம். எடை இன்னும் நல்லா குறையும், சர்க்கரையும் இறங்கும். சிக்கல் வர வாய்ப்பு கொஞ்சம் கூட. சத்து மாத்திரைய ஆயுசு பூரா விடக் கூடாது."

"எதுல சாவு கம்மி?"

"ரெண்டுலயும் ரொம்ப அபூர்வம். இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். வலிச்சா உடனே வந்துடணும்."

பைபாஸ் செய்துகொண்டாள். நல்லபடியாக முடிந்தது. எடையோடு சர்க்கரையும் இறங்கியது. பிள்ளைகளை ஏற்றிவிடும் ஆயாம்மா, "காத்தடிக்குது, உனக்கும் ஹேண்ட்பிரேக் போட்டுக்கோ," என்று சிரித்தாள்.

வீட்டில்தான் சிரிப்பில்லை. கன்னம் ஒட்ட ஒட்ட, அடியிலிருந்து அக்காவின் முகம் மேலே வந்தது. அம்மா தட்டை வைத்துவிட்டு நிமிராமலே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து உள்ளே நுழைந்தபோது அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியா பெரியவளே? இன்னும் வலிக்குதா?"

"நான் சின்னவம்மா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்கிட்ட சொன்னாடி. வலிக்குதும்மா, தண்ணிகூட தங்கலன்னா. இளைக்கிறப்ப அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோன்னேன். அவ இளைச்சது எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு."

இத்தனை காலம் செத்தவள்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின்மேல் அதைத் திருப்பவும் மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அம்மா அடிக்கடி அப்படிக் கேட்கிறாள். இவள் திருத்துவதில்லை.

"இப்ப வலிக்கலம்மா," என்கிறாள். சொல்லி முடித்த பிறகு, அது தன் குரல்தானா என்று ஒரு கணம் காதைத் தீட்டுகிறாள்.