முதுகுக்கு ஒரு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் மச்சினன் செந்தில். முகூர்த்தத்துக்கு என் மனைவி கல்பனா ஹேண்ட்பேக்கில் என்ன எடுத்து வந்தாள், சொல்லுங்கள் பார்ப்போம்? இன்ச் டேப்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

செந்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். முப்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் எழுந்தால் முதுகு பலகையாகிவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கிடப்பதால்தான் என்று நாங்கள் எல்லோரும் - டாக்டர் பட்டம் வாங்காமலே - தீர்ப்பு சொல்லிவிட்டோம். கோவையில் பார்த்த நிஜ டாக்டரோ, முதுகெலும்பில் வருகிற வாதம் என்றார். மாத்திரை, தினமும் உடற்பயிற்சி. கூடவே ஒரு வீட்டு வேலை. நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குனிந்த நிலையில் அந்த இடைவெளியை அளந்து வந்து சொல்ல வேண்டும்.

அளப்பதை கல்பனாவுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அவளும் பனியன் கம்பெனிதான், குவாலிட்டி செக்கிங். துணியில் மார்க் போட்டு, துவைத்து, திரும்ப அளப்பாள்; அதுதான் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட். அளவு மாறவில்லை என்றால் துணி பாஸ். சுருங்கினால், அந்த ரோல் வந்த வழியே திரும்பிப் போகும்.

அடுத்த முறை மூவருமாகப் போனோம்.

"கொஞ்சங்கூட மாறலீங்க டாக்டர். குனிஞ்சாலும் பத்து பத்தாவே நிக்குதுங்க" என்றாள் கல்பனா. முகத்தில் அப்படி ஒரு பெருமை. செந்தில் பரீட்சை பாஸான பையன் மாதிரி சிரித்தான். நானும் தலையாட்டினேன். இத்தனைக்கும் நான் என்ஜினியரிங் படித்தவன்!

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குனியறப்ப அது பதினஞ்சுக்குப் பக்கத்துல போகணும்மா. நகரலைன்னா முதுகு வளையலைன்னு அர்த்தம்."

செந்திலின் சிரிப்பு நின்றது. "தையில கல்யாணங்க டாக்டர். குனிஞ்சு மெட்டி போட முடியுங்களா?"

"பயிற்சியை விடாம செய்ங்க... பார்க்கலாம்."

டாக்டர் 'பார்க்கலாம்' என்றதும், கல்யாணத்தையே தள்ளிப் போடலாம் என்றான் செந்தில். அன்றைக்கே பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஜோதி பதறவே இல்லை.

"அதுக்கேனுங்க தள்ளிப் போடோணும்? நான் காலை ஸ்டூல் மேல வெச்சுக்கறேன். நீங்க நின்னுட்டே போடுங்க."

அந்த ஸ்டூல்தான் அவனுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. விடிந்ததும் பாயை விரித்து வளைந்தான், முறுக்கினான், முனகினான். கல்பனா டேப்பும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள். இத்தனை வருஷம் மார்க் நகர்ந்தால் திட்டியவள், இப்போது நகரவில்லை என்று திட்டினாள். "பன்னெண்டைத் தாண்டிருச்சு தம்பி" என்று அவள் கூவிய காலையில் எங்கள் வீட்டில் கேசரி.

இப்போது மேடைக்கு வாருங்கள். அம்மியின் மேல் ஜோதியின் கால். செந்தில் குனிந்தான்... இன்னும் குனிந்தான்... விரல் தொட்டுவிட்டது. ஆனால் ஆள் நிமிரவில்லை. என் கையிலிருந்த அட்சதை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. முதுகு பிடித்துக்கொண்டதா?

"காலை ஆட்டாத ஜோதி" என்று கீழேயிருந்து செந்திலின் குரல் வந்தது.

"கூசுதுங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள் அவள்.

மண்டபமே சிரித்தது. இரண்டு காலிலும் மெட்டி போட்டு நிமிர்ந்தபோது அவன் முகம் சிவந்து, வேர்த்து, ஒரே வெளிச்சமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓமப்புகை என்று சமாளித்தேன்.

பரிசு கொடுக்கிற வரிசையில் எங்கள் முறை வந்தது. கல்பனா ஹேண்ட்பேக்கைத் திறந்து, டேப்பை எடுத்து ஜோதியின் கையில் வைத்தாள்.

"இனி நீ அளந்துக்க கண்ணு. மாறலைன்னா மட்டும் விட்றாத."

வெள்ளிக் குத்துவிளக்குகள் எல்லாம் மேஜைக்குப் போய்விட்டன. ஜோதி பட்டுப்புடவை இடுப்பில் செருகிக்கொண்டது, அந்த டேப்பை மட்டும்தான்.