என் வீட்டுக்காரரின் ட்ராக்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாட்டுப் பதிவு செய்யப் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். மைக், ஹெட்போன் எல்லாம் அவரே வாங்கித் தந்தார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பின்னறைச் சுவர்களில் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டு, "இனி இது ஸ்டுடியோ, கேட்டியா" என்று அறிவித்தார். அறிவித்த கையோடு முதல் பாடகராகத் தன்னையே நியமித்தும் கொண்டார்.

மலையாள வீடியோக்களைப் பார்த்து ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போதுதான் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஆறு பேர். பின்னறையில் ஒருவர்தான் நிற்கலாம். அதனால் அடுத்த வீட்டு மிக்ஸி ஓயும்வரை காத்திருந்து, காக்காயை விரட்டி, ஒவ்வொருவராகப் பாட வைத்தேன். ஒவ்வொரு குரலும் ஒரு தனி ட்ராக். எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து ஒரே பாட்டாக்குவது என் வேலை.

கூத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேல்குரல் பாடும் டீச்சர் ஒரு பொதி ஏத்தங்காய் உப்பேரி வறுவலோடு வந்து, தன் குரல் கொஞ்சம் அமுங்கிக் கிடக்கிறதே என்றார். கூட்டினேன். மறுநாள் இன்னொருவர் வந்தார். அவருக்கும் கூட்டினேன். எல்லாருக்கும் கூட்டிக் கூட்டி, பாட்டு ஓணத்துக்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு எனக்குப் புத்தி வந்தது. யாருடைய குரலும் இல்லாத ஒரு வெற்று ட்ராக்கை உண்டாக்கி, வருகிறவர் கண் முன்னால் அதன் சத்த அளவை மேலே தள்ளினேன். இப்போது கணீரென்று கேட்கிறதே என்று பரம திருப்தியோடு போனார்கள். சபை ஆட்களை இப்படி ஏமாற்றலாமா என்றால், தாராளமாக ஏமாற்றலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்து. என் வீட்டுக்காரரின் அடிக்குரல் சுருதிக்குக் கீழேயே கிடக்கும். வெண்கல உருளியை விரலால் தட்டிப்பார்த்து உள்ளே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்குத் தன் தொண்டையில் விரிசல் எங்கே என்று தெரியாது. குழுத்தலைவர் போனில் இழுத்து இழுத்து, அண்ணன் மனசு நோகாமல் அவர் குரலைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்றார். குறைத்தேன், போதவில்லை. கடைசியில் அவர் ட்ராக்கை அப்படியே மௌனமாக்கினேன். அடடா, பாட்டு உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நான் செய்த முதல் உருப்படியான வேலை அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவரோ, தன் குரல் வரப்போகிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, பாட்டை அனுப்புவதற்கு முன்னால், கேட்க வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சரணத்தில் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். ஐந்து ட்ராக்குகளில் பச்சைக் கோடுகள் குதித்துக்கொண்டிருந்தன. அவர் பெயர் போட்டிருந்த ஆறாவதில் அசைவே இல்லை. பாட்டு முடியும்வரை அதையே பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவங்க சொன்னாங்களா, இல்ல ஒனக்கும் அப்படித்தான் தோணிச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஆனால் இவரிடம் வாய் வரவில்லை. எனக்கும்தான் என்றேன்.

பாட்டு நல்லா வந்திருக்கிறது, இப்படியே அனுப்பு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளிக்கப் போனார். கல்யாணமான நாள் முதல் பாடாமல் அவர் குளித்ததே இல்லை. ஊரைக் கூட்டாதீர்கள் என்று நான் சத்தம் போடாத நாளும் இல்லை. அன்றைக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பில் தோசை கருகியது. என்னால் தாங்க முடியவில்லை. போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"என்ன, சத்தத்தையே காணும்?"

"சுருதி சேரல்லியே," என்றார் உள்ளேயிருந்து.

"ஒங்ககிட்ட இப்ப சுருதி யாரு கேட்டா? பாடுங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தொண்டையைச் செருமினார். பிறகு அதே கீர்த்தனையை ஆரம்பித்தார், வழக்கம்போலக் கீழேதான். ஐந்து சரணத்தையும் அவர் முடிக்கும்வரை நான் கதவில் சாய்ந்து நின்று அழுதேன்.