விடிவதற்குள் பார்த்துவிட வேண்டிய சுவர்

புது வீட்டுக்கு இன்டீரியர் டிசைனர் வைத்ததை என் வாழ்நாளின் பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரியது, அவர் நீட்டிய அட்டையில் நான் கையெழுத்துப் போட்டது. இரண்டுக்கும் சேர்த்து அவர் மேல்தான் கோபப்படுகிறேன். என் மேல் கோபப்பட வீட்டில் வேறு ஆள் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தவன் எல்லாம் வீடு கட்டினான். கட்டினால் மட்டும் போதாது, கோயமுத்தூரிலிருந்து டிசைனர் வந்து இறங்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு மணல்மேட்டைக் காட்டினார்.

"உங்க ஊட்டுக்கு இன்ஸ்பிரேஷன் பாலைவனம் சார். இப்ப ட்ரெண்டே மண் கலர்தான். சமையலறைக்கும் சுவர் வேண்டாம், எல்லாம் ஒரே வெளியா இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராபுரம் பக்கத்துக் காட்டில் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தே என் அப்பனுக்குப் பாதி ஆயுள் போனது. அந்த வறட்சிக்குப் பயந்து பனியன் தொழிலுக்கு ஓடி வந்தவன், ஹாலுக்குள் பாலைவனத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பதா? கலர்தான் வேண்டுமென்றால் நொய்யல் பாலத்தில் போய் நிற்கட்டுமே. காலையில் ஒரு கலர், சாயந்தரம் ஒரு கலர் என்று அந்த ஆறு ஓடிய காலம் அது. இவ்வளவையும் ஆவேசமாகச் சொன்னேன், என் குளியலறைக் கண்ணாடியிடம். அவரிடம் சொன்னது, "நல்லாருக்குதுங்க" மட்டும்.

மனைவி வெள்ளை போதும் என்றாள். "கலரைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

அப்படிக் கேட்க எனக்குத் தகுதி இருப்பதாக நம்பினேன். எங்கள் துணிக்குச் சாயம் போட்டுத் தருவது என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் அனுப்பும் சாம்பிள் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பேன். அது ஒரு பெட்டி. ஒரு பட்டனைத் தட்டினால் பகல் வெளிச்சம், இன்னொன்றைத் தட்டினால் வெளிநாட்டுக் கடைகளில் எரியும் விளக்கின் வெளிச்சம். துணி விற்பது கடையில் என்பதால், எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கடை வெளிச்சம்தான் கணக்கு. அதில் ஒரு நூல் சிவப்பு கூடுதலாக அடித்தாலும் துணியைத் திருப்பி அனுப்புவேன். "மச்சான், கண்ணு டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதி வைத்து அனுப்பியதும் உண்டு.

டிசைனர் பெயிண்ட் அட்டையோடு கம்பெனிக்கு வந்த அன்று ஷிப்மென்ட் அவசரம். கைப்பழக்கத்தில் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துக் கடை விளக்கைத் தட்டினேன். அப்பழுக்கில்லாத மணல். மொத்தத் துணிக்கும் இதே சாயம் போடலாம் என்று சாம்பிளில் எழுதுவது போலவே, "ஓகே ஃபார் பல்க்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்காமல் மச்சானுக்கு போன் செய்து, "ஷேடுன்னா என்னன்னு எங்கூட்டு புண்ணியார்ச்சனைக்கு வந்து பாருங்க" என்றும் சொன்னேன்.

வேலை நடந்தபோது நான் போனதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. ஜன்னல்களில் பேப்பர் ஒட்டியிருந்தது. டிசைனர் மாட்டிய விளக்கில் மணல் மணலாகவே இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சும் அந்தப் புண்ணியார்ச்சனைக்கு முந்தின நாள் மத்தியானம் பேப்பரைக் கிழித்தார்கள். வெயில் உள்ளே வந்தது. நான்கு சுவரும் ரோஸ் பல்பொடி ஆயின.

டிசைனரை போனில் பிடித்தேன். "என்னங்க இது, பல்லு வெளக்கற எடமா?"

"பகல்ல வச்சுப் பாருங்கன்னு சொன்னேனுங்க சார். நீங்கதான் பெட்டிக்குள்ள வச்சுப் பாத்தீங்க. கையெழுத்துப் போட்ட அட்டை எங்கிட்டதான் இருக்குதுங்க."

அந்த மரியாதையான குரலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மனைவி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் வரட்டும்" என்றாள்.

ராத்திரியெல்லாம் திட்டம் போட்டேன். முகூர்த்தம் நாலரை மணிக்கு. சூரியன் வர ஆறாகும். அதற்குள் மச்சானை மொட்டைமாடிப் பந்தலுக்கு ஏற்றி, இட்லி போட்டு, வெளிப்படி வழியாகவே இறக்கிக் காரில் அனுப்பிவிட வேண்டும்.

ஐயர் நிதானமாக மந்திரம் சொன்னார். "கொஞ்சம் சுருக்கமா, சாமி" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பசு வாசலில் நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு அதைப் பின்னாலிருந்து தள்ளிய வீட்டுக்காரன் எங்கள் பங்காளிகளில் நான் ஒருவன்தான்.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அது பரிசுத்தமான மணல்.

"நல்ல ஷேடுதானுங்க, மாப்ள" என்றார்.

"சரிங்க மச்சான், சாப்பிடப் போலாங்க."

"பால் பொங்கட்டும், இருங்க."

சுவரில்லாத சமையலறையில் எல்லோரும் பார்க்கப் பால் பானை அடுப்பில் இருந்தது. நான் போய் அடுப்பைக் கூட்டி வைத்தேன். மனைவி வந்து குறைத்தாள். மறுபடி கூட்டினேன். "ஏனுங்க, எதுக்கு இந்த அவசரம்?" என்று சிரித்துக்கொண்டே மறுபடி குறைத்தாள். பால் பொங்கியபோது கிழக்கு ஜன்னல் வெளுத்துவிட்டது.

மச்சான் சுவருக்குப் பக்கத்தில் போனார். வேட்டி நுனியைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் வந்து கூடினார்கள்.

"எந்த லைட்டுல பாத்தீங்க, மாப்ள?"

"கடை லைட்டுலதானுங்க."

"ஊட்டுக்குள்ள கடை வைக்கறீங்களா?"

முதலில் சிரித்தது என் மனைவி. மச்சான் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டி, "உடுங்க. இந்த ஒரு தடவ ஏத்துக்கலாம்" என்றார். எத்தனையோ வருடமாக அவரிடம் நான் சொல்லாத வார்த்தை. அதை என் வீட்டிலேயே, என் செலவில் இட்லி தின்ன வந்த கூட்டத்துக்கு நடுவே எனக்குச் சொன்னார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பெருந்தன்மையோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த வாரம் அவரிடமிருந்து சாம்பிள் துணி வந்தது. கூடவே ஒரு சீட்டு: "வெயில்ல வச்சுப் பாருங்க, மாப்ள."

பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் சிவப்பு அடித்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். அங்கேயும் அடித்தது.

கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.