மண் சொன்னதைச் சொல்லாமல் விட்டேன்

திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஜங்ஷன் பஸ்ஸுக்காக நிற்கிறேன். உப்பிலியபுரத்தில் விவசாயம் செய்யும் செல்லம்மாள் என்னைக் கண்டு கூடையை இறக்கி வைக்கிறார். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்காகப் போன வருஷம் அவர் வயலில் மண் எடுத்தவன் நான். ஒரே மாதத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

“எங்க மண்ணுக்கு என்னன்னு தெரிஞ்சுதுங்களா?”

தெரிந்து எட்டு மாதமாகிறது. இங்கிலீஷில் அறிக்கை அச்சடித்து டில்லிக்குக்கூட அனுப்பிவிட்டோம். அந்த ஊருக்கு மட்டும் ஒரு கார்டு போடவில்லை.

“உப்பு ஏறியிருக்கும்மா. கடலை வராது. பருத்தி போடலாம்.”

“கடலைதாங்க போட்டோம். ஆடி முழுக்க உங்க கடுதாசிக்குப் பார்த்துட்டுத்தான் விதைச்சோம்.”

அவர் குரலில் கோபமே இல்லை. நான் தரையைப் பார்க்கிறேன்.

“பக்கத்து வயக்காரங்களுக்கும் நான் சொல்லிடறேங்க. பாருங்க, உங்க பஸ் வந்துடுச்சு.”

நான் ஏறிக்கொள்கிறேன்.