ஏ.இ.ஓ.வுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் நடுவில் ஓர் அடுப்பு

முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று நீங்கள் உப்புமா கிண்டியிருக்கிறீர்களா? பள்ளிக்கூடச் சமையல் என்றால் ரவையும் உப்பும் தண்ணீரும்தான் என்று நினைத்து நானும் இந்த வேலைக்கு வந்தேன். என்னைப் போலக் கரண்டி பிடித்த சகோதரிகளுக்குத் தெரியும், ரவையை விடப் பேச்சுத்தான் சீக்கிரம் அடிப்பிடிக்கும்.

நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஏழாவது வரை படிப்பு. வாக்கப்பட்டு வந்த இடம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சமையல். சின்னது அடுக்களைத் தூளியில் தூங்கும். பெரியவள் செல்வி மூன்றாவதில் இருந்தாள். அடுப்புப் புகை எது, மூடுபனி எது என்று எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. சில காலைகளில் பள்ளிக்கூடமே தரையை விட்டுக் கிளம்பி எங்கேயோ மெதுவாக மிதந்து போவது போல இருக்கும். நானும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன்.

மாலை மரியாதை

எங்கள் சரகத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் மேற்பார்க்கும் ஏ.இ.ஓ. மாறி, புதிதாக ஒருவர் வருகிறார் என்று தாக்கல் வந்தது. ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். மூக்கின் மேல் கோபம், உள்ளே வெல்லம். பிள்ளைகளைப் பாதையோரம் நிறுத்தி, டேலியாப் பூவில் மாலை கட்டி, "பனிக்குள்ள குடை தெரிஞ்சதும் பாடணும்" என்று சொல்லி வைத்தார்.

குடை தெரிந்தது. பாடினார்கள். மாலையும் விழுந்தது. மாலைக்குள்ளிருந்து ஒருவர் நெளிந்துகொண்டே, "பசுமாடு எங்கெ கட்டியிருக்கு?" என்று கேட்டார். எஸ்டேட் கிளார்க் வீட்டு மாட்டைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் அவர்! அவருக்குப் பின்னால், குடையில்லாமல் தொப்பலாக நனைந்து, பாட்டு முழுவதையும் நின்று கேட்டிருந்தார் இன்னொருவர். அவர்தான் ஏ.இ.ஓ. வேலுச்சாமி. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் ஊர்ப்பக்கம்.

"பாட்டு நல்லா இருந்துதுங்க சார். எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி கெடச்சாப் போதுமுங்க."

பத்து மணி

அதை ஹெட்மாஸ்டர் கேலி என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் திருப்பியதை ஏ.இ.ஓ. திமிர் என்று எடுத்துக்கொண்டார். முடிந்தது. அதற்குப் பிறகு ஏ.இ.ஓ. எப்போது வந்தாலும் வகுப்புக்குள் அவர், வராந்தாவில் ஹெட்மாஸ்டர், நடுவாசலில் தம்ளரோடு நான்.

ஏ.இ.ஓ. பத்து மணிக்கு ஆஜர் எடுப்பார். பத்து மணிக்கு எங்கள் பெஞ்சுகளில் பாதி காலியாகத்தான் இருக்கும். பாதையில் யானை நிற்கும் காலம் அது. பனி விலகாமல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் வந்து சேரும். ஆனால் ஏ.இ.ஓ. கணக்கில், பிள்ளைகள் குறைந்த நாலாம் வகுப்பை எடுத்துவிட வேண்டியதுதான். எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் என் செல்விக்கு வகுப்பு இல்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போக வேண்டியதுதான்.

"சொல்லு புள்ள அவருகிட்ட, ஆனை கடியாரம் பாத்து வாரதில்லன்னு" என்றார் வராந்தா.

நான் உள்ளே போய், "பனி வெலகுனா வந்துருவாங்கன்னு சொல்றாருங்க" என்றேன்.

"நான் எழுதற பேப்பர்ல பத்து மணிக்குத்தானுங்க கட்டம் இருக்குது, அம்மிணி. பதினோரு மணிக்குக் கட்டமே இல்லீங்க."

தூது

இப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க நான் தூது போனேன். இவர் காரமாகச் சொல்வதை அவரிடம் இனிப்பாகச் சொல்வேன். அவர் மொட்டையாகச் சொல்வதற்கு இவரிடம் தலைப்பாகை கட்டிச் சொல்வேன். "அந்த ஆளு பேனாவை மூடச் சொல்லு" என்பார் ஹெட்மாஸ்டர். "உப்புமா சூடா இருக்குதாம், பேனாவை மூடிட்டு வரச் சொல்றாருங்க" என்பேன் நான். ஏ.இ.ஓ.வும் வந்து சாப்பிடுவார். மஞ்சள் சோளரவை உப்புமாவை அவ்வளவு மரியாதையோடு தின்ற அதிகாரியை நான் பார்த்ததில்லை. ஆனால் நாலாம் வகுப்பு மட்டும் இருந்த இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஏ.இ.ஓ. என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, உங்க ஹெட்மாஸ்டரு இவ்வளவு நல்லவருன்னா, அவரு மூஞ்சி மட்டும் ஏனுங்க அப்படி இருக்குது?"

அடுக்களைக்குள் இருவர்

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஏ.இ.ஓ.வைக் கூட்டிப் போக வேண்டிய ஜீப் மலையேறி வரவில்லை. அந்தக் கட்டிடத்தில் சூடு இருந்த ஒரே இடம் என் அடுப்பு. ஏ.இ.ஓ. வந்து ஒரு பலகையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஹெட்மாஸ்டரும் வந்து, வேறு வழியில்லாமல், எதிர்ப்பலகையில் உட்கார்ந்தார். தூளியில் குழந்தை அழுதது. "இனி நேரா நீங்களே பேசிக்கோங்க. எனக்குப் பிள்ளையைப் பசியாத்தோணும்" என்று தடுப்புக்குப் பின்னால் போய்விட்டேன்.

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பால் குடித்தபடியே குழந்தை கண்ணயர, எனக்கும் இமை சொக்கியது. கனவில் போலத்தான் அந்தக் குரல்கள் வந்தன.

"மழைக்காலத்துக்கு நேரத்தை மாத்திக் குடுங்கன்னு நீங்க ஒருக்காக்கூடக் கேக்கலியே சார்?" இது ஏ.இ.ஓ.

"கேட்டாக் குடுப்பீராக்கும்?"

"கேக்காம எப்படிங்க குடுக்கறது?"

"முந்தி இருந்தவருகிட்டக் கேட்டேன். எதுத்துப் பேசுதான்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அதோட வாயை மூடிட்டேன்."

பலகை நகரும் சத்தம், பிறகு ஏ.இ.ஓ.வின் குரல்.

"என்னைய மதிக்கலீன்னு நெனச்சேனுங்க."

"நீரு என்னைக் கேலி பண்ணுதீருன்னுல்லா நெனச்சேன். சுடுதண்ணி கேட்டீரே!"

"அய்யோ சார், அன்னைக்கு நெசமாலுமே குளுருச்சுங்க!"

வெள்ளைக்குள் மணி

அன்று ஏ.இ.ஓ. ஹெட்மாஸ்டர் வீட்டிலேயே தங்கினார். காலையில் இரண்டு பேரும் லயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரக் கிளம்பினார்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். முன்னால் எதுவும் இல்லை, வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஹெட்மாஸ்டரின் கைமணி அசைந்து அசைந்து கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம், அதற்கு ஆளே இல்லை. பிறகு கால்கள். பிறகு யாரோ அப்போதுதான் வரைந்து முடித்தது போல ஒவ்வொரு முகமாக வந்தது. அதில் ஒன்று என் செல்வி. கடைசியில், இரண்டு கை நிறையச் சிலேட்டுகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏ.இ.ஓ. மணி பத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே ஹெட்மாஸ்டர் சொன்னதைக் கேட்டு நான் கரண்டியைக் கீழே போட்டேன். மேலதிகாரியைப் போய் யாராவது சிநேகிதனை மாதிரி 'வே' போட்டுக் கூப்பிடுவார்களா?

"இப்பத் தெரியுதா வே, பத்து மணி ஏன் ஆவாதுன்னு?"

ஜீப் கிளம்பும்போது

இப்போது மழை மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடம் பதினொன்றுக்குத் தொடங்குகிறது. செல்வி நாலாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே கணக்குக் கேட்டு மிரட்டுகிறாள். ஆனால் நேரத்தை மாற்றும் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏ.இ.ஓ. இல்லை, அவருக்கும் மேலே இருந்த டி.இ.ஓ. மேலே இருந்து விரட்டுகிறவர்களும் நம்மைப் போலவே யாருக்கோ தொடை நடுங்கித்தான் விரட்டுகிறார்கள் என்பதுதான் இந்த வேலையில் நான் சம்பாதித்த ஒரே ஞானம். பிள்ளைகளைக் கூட்டி வந்த அன்றைக்கு, ஜீப்பில் ஒரு காலை வைத்த ஏ.இ.ஓ. அதை எடுத்துவிட்டு இறங்கி வந்து, ஹெட்மாஸ்டர் காதோரம் குனிந்தார்.

"சார், டி.இ.ஓ. முன்னால நின்னா எனக்கு வாயே வராதுங்க. நீங்களும் கூட வந்து பேசுங்க சார், நான் பக்கத்துல நின்னுக்கறேனுங்க."