நல்லம்மாள் அக்காவின் பிறந்த வீடு

ஜெப நேரத்தில் எல்லோரும்தான் முணுமுணுக்கிறார்கள். நல்லம்மாள் அக்காவின் முணுமுணுப்பு மட்டும் கடைசி வரிசை வரை கேட்கும். இளம்பிள்ளையில் விசைத்தறி ஓட்டுகிறவர்; தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "ஆண்டவரே, பாஸ்டரய்யா மூட்டுவலியக் கொணப்படுத்துங்க. பிரசங்கத்தையும் வெரசா முடிக்க வையுங்க." பாஸ்டரே சிரித்துவிடுவார்.

சிமெண்ட் ஷீட் கூரை போட்ட அந்தச் சபையில், சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே அவருடைய இடம். ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்ததும் முக்காட்டுத் துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்து அங்கேயே ஒரு தூக்கம் போடுவார். ஞானஸ்நானம் எடுத்த வருஷத்திலிருந்து அண்ணன்மார் வீட்டு நோம்பி, பண்டிகைக்கு அவரை அழைப்பதில்லை. "இதுதானுங்க எனக்குப் பொறந்த ஊடு. பொறந்த ஊட்ல ஒறங்காம வேற எங்கீங்க ஒறங்கறது?" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

புதிதாக யார் வந்தாலும் அந்தக் காற்றில் பாதி அவர்களுக்கு. "நகந்து வா சாமி, காத்து இங்கதான் எறங்குது." அப்படித்தான் வித்யாவும் அவர் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். வித்யாவின் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார்.

போன ஞாயிறு திருவிருந்து, சபையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நாள். வித்யா அப்பத் துண்டை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். சபைச் செயலாளர் தமிழரசு அதைப் பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்தினார்.

"ஏம்மா, இதென்ன கோயில் பிரசாதமா, முடிஞ்சு கொண்டுபோக? இன்னும் ஞானஸ்நானமே எடுக்கல, அதுக்குள்ள இது வேறயா? அவுத்துக் குடு."

செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிய வித்யாவின் விரல்கள் பாதியில் நின்றன. "ஊட்டுக்காரருக்குங்க... தெரியாமப் பண்ணிட்டேனுங்க. இனிமே இங்க வரலீங்க."

வரலீங்க என்ற சொல் காதில் விழுந்ததும், படுத்திருந்த அக்கா எழுந்து வந்தார்.

"ஏனுங்ண்ணா, இந்தப் புள்ளைக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? நானுஞ் சொல்லல. நோவுல கெடக்கறவங்களுக்குப் பாஸ்டரய்யா அவிங்க ஊட்டுக்கே அப்பத்தக் கொண்டுபோய்க் குடுக்கறாருங்கள்ல? இவ பாஸ்டரய்யாவுக்குக் கொஞ்சம் முந்திக்கிட்டா. அவ்வளவுதானுங்க."

தமிழரசு பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் வித்யாவிடம் வீடு எந்தத் தெரு என்று கேட்டபடி பைக் சாவியைத் தேடினார்.

வித்யா பாதி அவிழ்த்திருந்த முடிச்சை நல்லம்மாள் அக்கா தன் கையில் வாங்கி, மறுபடி இறுக்கிப் போட்டார்.