சம்பந்தி வீட்டு ஜன்னல்

எங்கள் கடைக்கு வந்து, "வீட்டுச் சுவர் கிரீம் கலர், அதுக்கு என்ன கர்ட்டன் பொருந்தும்?" என்று கேட்டால் அக்காவிடமிருந்து பதில் வராது. "வீடு எங்க இருக்கு? எப்ப வரட்டும்?" என்றுதான் கேட்பார். தெருவே அவரைக் கர்ட்டன் அக்கா என்கிறது. என்னைவிட ஐந்து வயது சின்னவர். இருந்தாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருக்கு நான் மாஸ்டர். பதினேழு வருடமாகக் கடையின் பின்னறையில் கொசுவம் வைத்துத் தைப்பதும், வீடு வீடாகப் போய்ச் சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவதும் என் வேலை. அவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது. வேறு கடைக்குப் போகலாம் என்று தோன்றிய வாரமும் கிடையாது.

அக்கா முதலில் ஒரு பெரிய துணிக்கடையில் கவுண்டரில் நின்று துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தவர். கடையில் அழகாக இருந்த துணி வீட்டுக்குப் போனதும் அசிங்கமாகிவிட்டது என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் அவர்களோடு மல்லுக்கட்டுவார்கள். அக்கா ஒருநாள் வேலை முடிந்ததும், அப்படித் திருப்பிக் கொண்டுவந்த ஓர் அம்மாவின் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். துணியில் குற்றமில்லை. கடையில் தலைக்கு மேல் ஐம்பது ட்யூப்லைட். வீட்டில் ஒரே ஜன்னல், அதையும் ஒரு மரம் மறைத்திருந்தது. கர்ட்டனைக் கடையில் எடுக்கக் கூடாது, சுவருக்குப் பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் சொந்தக் கடை போட்டார்.

உள்ளங்கை அகல சாம்பிள் துண்டெல்லாம் அவர் தொடமாட்டார். இரண்டு மீட்டர் துணியாகச் சுருட்டிக்கொண்டு போவார். மடிப்பு விழுந்தால் எந்த நிறமும் கொஞ்சம் இருண்டுவிடும், துண்டில் அது தெரியாது. நான் ஏணியில் ஏறித் துணியைக் கொசுவமாகப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவர் போய் உட்கார்ந்து பார்ப்பார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் யோசித்து முடிப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. சுவருக்கு அடித்த பெயிண்டின் பெயரை யாரும் அவர் காதில் போடக் கூடாது. "பேரைக் கேட்டா கண்ணு அதைத்தான் பாக்கும். டப்பாவுல என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? சுவருல என்ன இருக்குன்னு நான் பாத்துக்கறேன்" என்பார். போன வருடம் வரைக்கும் அவர் எடுத்துக் கொடுத்த கர்ட்டன் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

அவருக்கு ஒரே மகள். நான் பாப்பா என்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறவாரியாகப் பிரித்து விளையாடிய பெண். கல்யாணமாகி மூன்று வருடம். அம்மாவோடு சேர்ந்து கடையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான். சம்பந்தியம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "கண்டவங்க வீட்டுல போய் ஏணி போட்டு ஏறுறதா? அது ஒரு வேலையா?" என்று மகனிடம் சொன்னாராம். அவரை மீறிக்கொண்டு கிளம்பி வர பாப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரே அடுப்படியில் காலையும் மாலையும் முகத்தைப் பார்க்க வேண்டியவள். மனத்தாங்கல் இல்லாமல் வரவேண்டும் என்று பொறுத்திருந்தாள்.

போன வருடம் சம்பந்தி வீட்டு முன்னறைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சம்பந்தியம்மா தாமே போன் செய்தார். "நீங்களே வந்து ஸ்கிரீன் எடுத்துக் குடுங்க. இவ கடைக்கு வர்றதைப் பத்தி அதுக்கப்புறம் பேசிக்கலாம்." அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஒரு ரூமு மாஸ்டர். முடிச்சுட்டோம்னா எம்பொண்ணு கடைக்கு வந்துடுவா."

போனோம். அறையில் ஒரே ஜன்னல், கொல்லைப் பக்கம் பார்த்தது. பின்னால் ஏதோ கட்டடம் எழும்புகிறது, தூசி தாங்க முடியவில்லை என்று மங்கல் கண்ணாடிக் கதவை இறுக மூடி வைத்திருந்தார்கள். அக்கா சுவரைப் பார்த்தார். கொஞ்சம் பச்சையோடிய சாம்பல் நிறமாக இருந்தது.

"சந்தன கலர்தான் அடிக்கச் சொன்னோம்..." என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

"பேரே சொல்லாதீங்க சம்பந்தி" என்று அக்கா கையை உயர்த்தினார். "இது சந்தனமா? பெயிண்டர் டப்பாவை மாத்தி அடிச்சுட்டாரு. பரவாயில்ல, நான் சரி பண்ணிடறேன்."

"அம்மா, அத்தை சொல்றதையும் கொஞ்சம் கேளேன்" என்றாள் பாப்பா.

"நீ சும்மா இரு."

பெயிண்டர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். அங்கிருந்தே அக்கா போன் போட்டு அவரையும் ஒரு பிடி பிடித்தார். டப்பாவை மாற்றவே இல்லை என்று மனிதர் சத்தியம் செய்யாத குறை. சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்தோம், அதே பச்சை. அந்தப் பச்சையை அடக்கச் செங்கல் நிறத்தில், ரோஜா ஓடிய ஒரு கனத்த துணியை அக்கா எடுத்தார். மாட்டிய அன்று சொல்லக் கூடாது, அவ்வளவு பாந்தமாக இருந்தது. சம்பந்தியம்மாகூடத் தலையாட்டினார்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க." அவ்வளவுதான்.

உள்ளே கால் வைத்தோம். அறைக்கே காய்ச்சல் வந்தது போலிருந்தது. சுவர் சாட்சாத் சந்தன நிறம். அதன் மேல் செங்கல் சிவப்பு தகதகவென்று அடித்தது. நடுவில் சம்பந்தியம்மா, கன்னமெல்லாம் சிவந்து, செய்தித்தாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "ராத்திரி லைட்டுல அன்னிக்கே கொஞ்சம் தூக்கலாத்தான் தெரிஞ்சுது. பழகிடும்னு பாத்தேன். இப்ப பகல்லயே உக்கார முடியல."

பாப்பா போய் ஜன்னலைத் திறந்தாள். பின்வீட்டுக் கட்டடம் வெள்ளையடித்து நின்றது. "கட்டடத்தைச் சுத்திப் பச்சை வலை கட்டியிருந்தாங்கம்மா. முந்தாநாள் அவுத்துட்டாங்க. வெயில் அது வழியா வந்துதான் சுவரு பச்சையா தெரிஞ்சிருக்கு."

நல்ல காரணம். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். நானாக இருந்தால் தப்பித்திருப்பேன். அக்கா ஜன்னலருகே போய் நின்றார். வெளியே அந்த வெள்ளைக் கட்டடத்தையும் உள்ளே சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகளுடைய காரியம் கெட்டது, அதுவும் தன் கையாலேயே கெட்டது என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

"வலை மேல பழி போடாத பாப்பா" என்றார் கடைசியில். "ஜன்னலைத் திறந்து பாக்காதது நானு. சந்தனம்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க, வாயை மூடச் சொன்னதும் நானு. தப்பு முழுக்க என்னுதுதான் சம்பந்தி. துணியை இப்பவே கழட்டிடறேன்."

அத்தோடு விட்டாரா? அங்கேயே நின்று பெயிண்டருக்குப் போன் போட்டார். "அண்ணே, உங்க டப்பா சரிதான். என் கண்ணுதான் ஏமாந்துபோச்சு. அன்னிக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க." சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா சோபாவில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "வண்டியில அத்தனை துணியும் இருக்கு. இந்த ரூமுக்கு நீ எடு பாப்பா."

"நானா?"

"நீதான். நான் வாயைத் திறக்கல."

வாயைத் திறக்காமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! பாப்பா முதலில் ஜன்னல் வழியே தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பெயிண்ட் டப்பா மூடியைத் தேடி எடுத்து வந்து சுவரோடு வைத்துப் பார்த்தாள். அப்புறம், "அத்தை, பேப்பர் எந்த நேரம் படிப்பீங்க?" என்று கேட்டாள்.

"காலையில, இந்த நாற்காலியில. பேப்பரே மஞ்சளடிக்குது இங்க."

நான் ஏணியில் ஏறித் துணி துணியாகப் பிடித்தேன். இலைப்பச்சை வந்தபோது, அதை எடு என்று சொல்ல முடியாமல் அக்காவின் கை சோபாவைப் பிறாண்டியது. பாப்பா அதை வேண்டாம் என்றாள். வெளிறிய நீலத்தில் சாம்பல் கலந்த ஒன்றைத் தொங்கவிடச் சொல்லி, மாமியாரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய செய்தித்தாளையே விரித்துப் பார்த்தாள். தாள் வெள்ளையாகத் தெரிந்தது. "இதுதான். பின்னால கனமா வெள்ளை லைனிங் வையுங்க மாஸ்டர். வெளியில நாளைக்கு யார் எந்த கலர் அடிச்சாலும் உள்ள வராது."

லைனிங் யோசனை அக்காவுக்குக்கூட வந்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன், சிரித்துவிட்டால் வம்பு.

மூன்றாம் நாள் தைத்து எடுத்துக்கொண்டு போனோம். நான் ஏணியை நிறுத்தியதும், "நான் மாட்டறேன் மாஸ்டர்" என்று பாப்பா முந்திக்கொண்டாள். சம்பந்தியம்மா முன்னாலேயே ஏணியா? அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ஏணியின் காலை ஆட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ம், ஏறு. நாளையிலேர்ந்து யார் யார் வீட்டுலயோ ஏறப்போற. கீழ யாரு பிடிக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் ஏறணும், தெரியுதா?"

"சரி அத்தை" என்று பாப்பா ஏறினாள்.

அக்கா வண்டியில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். வண்டியில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் நான்தான் இறக்கி வைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வரும்போது கர்ட்டன் மாட்டி முடிந்திருந்தது. சம்பந்தியம்மா இன்னும் ஏணியை விடவில்லை.